ஆகஸ்டில் காய்க்க வைத்த அவரை

என் மகன் அதைச் சொன்னபோது கையிலிருந்த காபி டம்ளர் நழுவி விழுந்துவிட்டது. எனக்கு அப்படியெல்லாம் எதுவும் சுலபமாகக் கை நழுவாது. இருபத்தெட்டு வருஷம் பால்வாடியில் டீச்சராக இருந்தவள் நான், நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் கையிலிருப்பது கையிலேயே இருக்கும். அன்றைக்கு விழுந்தது.

"அம்மா, ஒம்போது வருஷமா பாக்கறேன். எப்ப வந்தாலும் வெறும் மண்ணுதான். ஒரு காய் இருக்குதா, ஒரு பூ இருக்குதா? இத்த இன்னாத்துக்கு வெச்சிக்கினு ரெண்டு பேரும் முதுகு ஒடியறீங்க? குடுத்துடலாம்மா. உன் பேர்ல தானே கீது. நீ ஒரு கையெழுத்து போட்டா போதும்."

அவன் நின்றிருந்தது எங்கள் கொல்லையில். வில்லியனூர் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பத்துக் குழி நிலம். என் கல்யாணத்துக்கு என் அப்பா என் பேரில் எழுதிக் கொடுத்தது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பஞ்சாலையை மூடிய பிறகு அவருக்கு இந்தக் கொல்லைதான் வேலை, இதுதான் பொழுது. காலையில் எழுந்ததும் பல்கூட விளக்காமல் மண்வெட்டியை எடுப்பார். எங்கள் தெருவில் யார் வீட்டு ரசத்திலும் எங்கள் கொத்தமல்லிதான் மிதக்கும். பிள்ளைக்குச் சளி என்றால் கற்பூரவல்லி கேட்டு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். இதைப் போய் வெறும் மண் என்று சொல்கிறான், நான் பெற்ற பிள்ளை!

அரியூர் பக்கம் மெடிக்கல் காலேஜில் படிக்கிற பிள்ளைகளுக்கு ரூம் கட்டி வாடகைக்கு விட யாரோ இடம் தேடுகிறார்களாம். அவர்கள் இவனுக்கு போன் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு வயதாகிவிட்டது, தண்ணீர் சுமக்க முடியாது, விற்றுவிட்டால் நிம்மதி. இது அவனுடைய கணக்கு. கெட்ட பிள்ளை இல்லை அவன். அதனால்தான் எனக்கு அதிர்ச்சி இரண்டு மடங்காக இருந்தது.

அவன் அப்படி நினைத்ததற்குக் காரணம் எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவன் கட்டியிருப்பது பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள புதுச்சேரிக் குடும்பத்துப் பெண். கல்யாணம் ஆனதும் பாரீசுக்குப் பக்கத்தில் போய்விட்டான். அங்கே பள்ளிக்கூடத்துக்கு ஜூலை, ஆகஸ்டில்தான் பெரிய லீவு. கிறிஸ்துமஸுக்குப் பெண்ணின் அப்பா அம்மா வீட்டில் கூட வேண்டும், அவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். ஆகவே இவர்கள் இங்கே வருவதெல்லாம் ஜூலைக் கடைசியில். ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளைப் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். தமிழுக்கு அது ஆடி மாதம்.

ஆடியில் எங்கள் கொல்லையில் என்ன இருக்கும்? மண்தான் இருக்கும்! அப்போதுதான் கொத்திப் புரட்டி, எரு போட்டு, குழி எடுத்து விதை ஊன்றுவோம். ஆடிப் பட்டத்தில் போட்ட அவரை கார்த்திகையில் பூத்து மார்கழி, தையில் காய்க்கும். கத்தரியும் மிளகாயும் அப்போதுதான் நாற்றாக நிற்கும். அவன் ஒன்பது வருஷமும் விதைக்கிற நாளில் வந்து நின்றுகொண்டு காய் எங்கே என்று பார்த்திருக்கிறான். மார்கழியில் நான் போட்டோ எடுத்து அனுப்பாத வருஷம் இல்லை. பதிலுக்கு ஒரு கட்டை விரலை அனுப்புவான், அத்தோடு சரி. நேரில் பார்த்ததுதான் அவன் மனசில் நின்றிருக்கிறது.

நான் இதையெல்லாம் சொன்னேன். "சரிம்மா, சரிம்மா" என்றான். சின்ன வயதில் அவன் சொல்கிற நொண்டிச் சாக்குக்கு நான் எப்படித் தலையாட்டுவேனோ அப்படியே ஆட்டினான். "யோசிச்சி வைங்க. அடுத்த ஆகஸ்ட்ல வர்றப்ப முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

என் வீட்டுக்காரர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மாசக்கணக்கில் திறக்கவில்லை. அந்த மார்கழியில் அவரை கூடை கூடையாக வந்தது, ஊருக்கெல்லாம் கொடுத்தோம், அப்போதும் பேசவில்லை. எனக்கு அந்த மௌனம் பயமாக இருந்தது.

சித்திரை பிறந்து பத்து நாள் இருக்கும். வெயில் மண்டையைப் பிளக்கிறது. காக்காய்கூட மரத்தை விட்டு இறங்கவில்லை. பகல் பதினோரு மணிக்குக் கொல்லையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் பந்தலுக்கு அடியில் நாலு குழி எடுத்து எருவைக் கொட்டி, அவரை விதையை ஊன்றிக்கொண்டிருக்கிறார்.

"சேசு மரி சூசை! உங்களுக்கு புத்தி கித்தி கலங்கிப் போச்சா? சித்திரைல எவனாச்சும் அவரை போடுவானா?"

"ஆடியில காய் வேணும்" என்றார், என்னைப் பார்க்காமலே. "மூணு மாசத்துல காய்க்குதா இல்லியா? எண்ணிப் பாரு. சித்திரை, வைகாசி, ஆனி. சரியா அவன் வர்றப்ப காய்க்கும்."

"மாசத்த எண்ணி காய்க்கறதுக்கு அது இன்னா புள்ளத்தாச்சியா? பனி விழுந்தாத்தான் அது பூ எடுக்கும்னு எனக்குச் சொன்னதே நீங்க!"

"தண்ணி ஊத்துனா எல்லாம் எடுக்கும்" என்றார்.

முப்பது வருஷமாகப் பட்டம் பார்த்து விதைத்த மனுஷன். இன்ன காய்க்கு இன்ன மாதம் என்று தெருவே அவரைத்தான் கேட்கும். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்ததே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன்.

அவரையோடு நிறுத்தவில்லை. பீர்க்கு, வெண்டை, கத்தரி என்று எல்லாவற்றையும் போட்டார். அக்னி நட்சத்திர வெயிலில் தினம் இரண்டு வேளை குடம் குடமாகத் தண்ணீர். பக்கத்து வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், கரும்பு போடுகிற வீட்டுப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள். வேலி மேல் கையை வைத்துக்கொண்டு சிரிப்பாள். "இன்னாக்கா, அண்ணனுக்கு காலண்டர் தொலைஞ்சி போச்சா? எங்க வூட்டுல ரெண்டு கீது, ஒன்னு எடுத்துத் தரட்டா?" என்பாள். நான் அவளிடம் சிரித்துவிட்டு இவரிடம் வந்து சண்டை போடுவேன்.

ஆனியில் கொல்லையைப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அவரைக்கொடி பந்தலை மூடி, வேலியைத் தாண்டி, கக்கூஸ் ஓட்டின் மேலும் ஏறிவிட்டது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஆனால் ஒரு பூ? மருந்துக்குக்கூட இல்லை. பீர்க்கு மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது, அத்தனையும் ஆண் பூ. காலையில் பூக்கும், சாயங்காலம் உதிரும். வெண்டை இலையெல்லாம் நரம்பு மஞ்சளடித்துக் குறுகிப் போயிற்று. கத்தரி பூ எடுத்த வேகத்தில் கொட்டியது. காய்த்தது என்று சொல்ல நாலைந்து சொத்தைக் கத்தரி இருந்தது. கீரையும் புதினாவும் மட்டும் நன்றாக இருந்தன. ஆனால் கீரையைக் காட்டி எந்த நிலத்தைக் காப்பாற்ற முடியும்?

மகன் வருகிற அன்றைக்கு விடியலில் நான் பூசைக்குப் போய்விட்டு ஆறரை மணிக்குத் திரும்பி வந்தேன். வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது, ஆளைக் காணோம். கொல்லைப் பக்கம் போனேன். பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு, வாயில் நூலைக் கவ்விக்கொண்டு, என் வீட்டுக்காரர் பந்தலில் எதையோ கட்டிக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தேன். அவரைக்காய். கீழே இரண்டு பை நிறைய வில்லியனூர் மார்க்கெட்டில் வாங்கின காய். கத்தரி, பீர்க்கு, அவரை. என் தையல் மெஷின் டப்பாவிலிருந்த பச்சை நூல் கண்டு அவர் சட்டைப் பையில்.

சண்டை போட வாயைத் திறந்தேன்.

"சத்தம் போடாத" என்றார் மேலிருந்து. "மூணு நாளு தாங்குனா போதும். அப்புறம் நாமளே பறிச்சிடலாம்."

"எறங்குங்க கீழ. உங்க வயசுக்கு இது அடுக்குமா? நாளைக்கு இது தெரிஞ்சா அவன் மூஞ்சில எப்படி முழிப்பீங்க?"

"தெரிஞ்சாத்தானே?" என்றார். கட்டின பீர்க்கங்காய் ஒன்று கனம் தாங்காமல் அறுந்து அவர் தோளில் விழுந்து மண்ணில் உருண்டது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. அவரை நான் அப்படிப் பார்த்ததேயில்லை.

அடுத்து நான் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே நம்ப முடியவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பையிலிருந்து கத்தரிக்காயை எடுத்து, செடிசெடியாக உட்கார்ந்து கட்டினேன். பால்வாடியில் பொய் சொன்ன பிள்ளையை மூலையில் நிற்க வைத்தவள், ஏழரை மணிக்குள் நாற்பது பொய்யைக் கட்டி முடித்தேன்.

மத்தியானம் கார் வந்தது. மகன், மருமகள், ஏழு வயதுப் பேத்தி. கொல்லைக்கு வந்த மகன் அப்படியே நின்றுவிட்டான். "அப்பா! இன்னாப்பா இது! எங்கிருந்து வந்துது இவ்ளோ காயி?" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கினான். பந்தலோடு சேர்த்து அப்பாவைப் போட்டோ எடுத்தான். என் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு வெட்கம், ஒரு சிரிப்பு. நான் அடுப்படிக்கு ஓடிவிட்டேன்.

அன்று சாயங்காலமே குட்டு உடைந்தது. பேத்தி காய் பறிக்க ஆசைப்பட்டாள். இவர் முன்யோசனையாக அவள் கையில் ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்து, காம்புக்குக் கீழே வெட்டு என்று சொல்லிக் கொடுத்திருந்தார். பத்துப் பதினைந்து காய் ஒழுங்காக வெட்டினாள். குழந்தைதானே, கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுக் கையால் இழுத்தாள். ஒரு கொத்து அவரை நூலோடு சரசரவென்று வந்தது. கூடவே பக்கத்துக் கொத்தும், அதற்குப் பக்கத்துக் கொத்தும்.

"தாத்தா, இதுல நூலு இருக்கு!" என்று கத்தினாள். குதித்தாள். அவளுக்கு ஒரே சந்தோஷம். நூல் பிடித்து ஒவ்வொன்றாகத் தேடி அவிழ்க்க ஆரம்பித்துவிட்டாள்.

மகன் குனிந்து கீழே விழுந்த கொத்தை எடுத்தான். முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் திட்டியிருந்தால்கூட தாங்கியிருப்பேன்.

"மார்க்கெட்ல வாங்கிக் கட்டுனியாப்பா?" என்றான் மெதுவாக.

அவர் குனிந்து, தரையில் சிதறிக் கிடந்த காயைப் பொறுக்க ஆரம்பித்தார்.

அன்று ராத்திரி வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை மகன் ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து நிலம் விற்கிற பேப்பரை எடுத்து என் முன்னால் வைத்தான்.

"நாற்காலி மேல ஏறிக் கட்டுனாராமே. வழுக்கி உழுந்திருந்தா இன்னா ஆயிருக்கும்? எனக்கு அங்க தூக்கம் வருமாம்மா? அந்த மண்ணுல ஒன்னும் வராதுன்னு அவருக்கே தெரிஞ்சி போச்சி. அதான் கட்டுனாரு. போட்டுடும்மா."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் எனக்காகப் பேசுவார், நிலத்துக்காகப் பேசுவார் என்று நினைத்தேன்.

"போட்டுடு" என்றார். "புள்ள எதிர்ல அசிங்கப்பட்டாச்சி. இனிமே அதுல கால் வெக்க மாட்டேன். போட்டுடு."

எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம், பேப்பரைத் தூக்கி ஒரு பக்கம் வீசினேன்.

"போட மாட்டேன்! டேய், நீ எந்த மாசத்துல வர்ற? வெதைக்கற மாசத்துல வந்து நின்னுகினு காய் எங்க, காய் எங்கன்னா எவன் குடுப்பான்? உங்கப்பனை வெயில்ல நிக்க வெச்சி, இந்த வயசுல திருட்டுத்தனம் பண்ண வெச்சது நீதான்டா. மார்கழிக்கு வா. வர முடியலன்னா போன்ல பாரு. கிறிஸ்துமஸ் அன்னிக்கு நான் காட்டறேன். அன்னிக்கும் ஒன்னும் இல்லன்னா, கையெழுத்து இன்னா, கட்டை விரலையே வெட்டித் தர்றேன்."

மருமகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். மகன் பேப்பரைப் பொறுக்கிக் கவருக்குள் வைத்தான். நான் அவனிடம் இப்படிக் கத்தி இருபது வருஷம் இருக்கும். கடைசியில், "சரிம்மா. கிறிஸ்துமஸ் அன்னிக்குப் பாக்கறேன். அதுக்கப்புறம் நீ மறுக்கக் கூடாது" என்றான். அதற்கு நான் ஒத்துக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரர் சொன்ன மாதிரியே கொல்லையில் கால் வைக்கவில்லை. அந்த ஆவணியில் நான்தான் களை எடுத்தேன், நான்தான் நெருக்கமான கொடியைக் கிள்ளிவிட்டேன். ஐப்பசி மழையில் பந்தல் ஒரு பக்கம் சாய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் புருஷன் வந்து சவுக்குக் கழி நட்டுக் கொடுத்தார். கார்த்திகையில் ஒரு காலை, இலைக்கு மேலே ஊதாப் பூ எட்டிப் பார்த்தது. நான் வீட்டுக்குள் ஓடி அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்து காட்டினேன். பார்த்தார். மறுநாள் காலையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

மார்கழியில் அப்படி ஒரு காய்ப்பை நான் கண்டதில்லை. சித்திரையிலிருந்து தின்று கொழுத்த கொடி, சும்மாவா? கொத்துக் கொத்தாகத் தொங்கியது. இலையை விலக்கினால் காய், காயை விலக்கினால் பூ. வேலிப் பக்கத்திலிருந்து, "யக்கா, கண்ணு பட்டுடப் போவுது, ஒரு மொளகாய சுத்திப் போடு" என்று கத்தினாள் பக்கத்து வீட்டுக்காரி.

கிறிஸ்துமஸ் அன்று மூன்று மணியிலிருந்தே புது வேட்டி கட்டிக்கொண்டு பந்தலடியில் உட்கார்ந்துவிட்டார். நாலரைக்கு போன் வந்தது. அவர்களுக்கு அது மத்தியானம். திரையில் பேத்தி முகம், பின்னால் மகன். நான் ஒரு வார்த்தை பேசாமல் போனைத் திருப்பிப் பந்தலைக் காட்டினேன். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் காட்டினேன். மகன் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தான். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது பேத்தி கேட்டாள். "தாத்தா! இவ்ளோவும் நீ எனக்காகக் கட்டினியா?"

"அய்யோ, இல்லடி கண்ணு, இது நெஜமாவே காய்ச்சது. பாரு, நூலே இல்ல" என்று ஒரு காம்பைத் திருப்பிக் காட்டப் போனேன். என் வீட்டுக்காரர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஆமாம்மா" என்றார். "எல்லாம் உனக்குத்தான் கட்டினேன்."

எட்டு மாதம் பட்ட பாடு, வாங்கின அவமானம், கையில் கிடைத்த வெற்றி எல்லாவற்றையும் அந்த மனுஷன் ஒரே வார்த்தையில் தூக்கிப் போட்டுவிட்டார். பேத்தி அங்கே குதிக்கிறாள். ஸ்கூலில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாளாம், எங்க தாத்தா எனக்காகச் செடியில் காய் கட்டுவார், நான் தேடித் தேடி அவிழ்ப்பேன் என்று. "எல்லாத்தையும் எடுத்துடாத தாத்தா! நான் ஆகஸ்ட்ல வருவேன். எனக்கு மறுபடியும் கட்டணும், நெறைய கட்டணும். பப்பா, ஆகஸ்ட்ல போறோம்தானே? போறோம்தானே?"

மகன் அவளைப் பார்த்தான். அப்புறம் எங்களைப் பார்த்தான். நிஜக் காய் என்று அவன் நம்பினானா, இல்லையா, இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

"அந்தப் பேப்பர் விஷயம் இப்ப வாணாம்மா" என்றான். "அவ வரணும்ங்கறா. கெடக்கட்டும்." அப்புறம், "அப்பா, நாற்காலி மேல மட்டும் ஏறாத" என்றான். போன் அணைந்தது.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ஏங்க அப்படிச் சொன்னீங்க? ஒரு காயைப் பறிச்சிக் காட்டியிருந்தா போதுமே! நெஜமா காய்ச்சி தொங்குது, அத்தப் போய் பொய்யின்னு நீங்களே ஒத்துக்கினீங்களே!"

அவர் வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"நெஜமா காய்ச்சதைப் பாக்க பத்து வருஷத்துல ஒருத்தரும் வரல" என்றார். "கட்டினதைப் பாக்க வர்றாங்க. வரட்டும்."